மழையில் கரைந்த கரி

மர அறுவை ஆலைக்குப் பின்புறம், தகரக் கூரையிட்ட நீண்ட கொட்டகையொன்றில் இயங்கிவந்தது அந்தச் சிறிய கரி ஆலை. அங்கே வறுக்கும் உருளைக்குப் பொறுப்பாளராக இருந்தவரை உடன் வேலை செய்தவர்கள் மூக்கண்ணன் என்று அழைத்தார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர், நாளடைவில் பதவிப் பெயரைப்போல் நிலைத்துவிட்டது. அவரும் அதை மறுத்ததில்லை. உள்ளூர ரசித்தார் என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பெயரின் காரணத்தை விளங்கிக்கொள்ள, ஆலையின் வேலையைச் சற்றுத் தெரிந்துகொள்வது அவசியம். அறுவையில் கழிந்த மரத்துண்டு, சோளத்தட்டை, பருத்திக்குச்சி முதலானவற்றை முதலில் உலர்த்துவார்கள். பிறகு படுக்கைவாட்டில் சுழலும் பெரிய இரும்பு உருளைக்குள் செலுத்தி, காற்றுப் புகாமல் மூடி வறுப்பார்கள். காற்று இல்லாததால் மரம் தீப்பற்றாது. ஈரமும் புகையும் அதைவிட்டுக் கழன்றுகொள்ள, தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்கும் அதிலிருந்து கருமைக்கும் மெல்ல மாறும். கழன்ற புகையையே எரித்து உருளையைச் சூடேற்றுவார்கள். வறுபட்டதைக் குளிரவைத்து, இடித்துப் பொடியாக்கிச் சலித்து, அச்சில் வைத்து அழுத்தினால் விரல் பருமனில் பளபளப்பான கறுத்த பெல்லட்டுகள் விழும். நிலக்கரி போடுகிற பாய்லரில் அவற்றை அப்படியே போடலாம். ஏறக்குறைய நிலக்கரியைப் போலவே எரியும்.

பதமாக வறுபட்ட பெல்லட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. பதம் குறைந்ததோ, மேலே கறுப்பாகவும் உள்ளே பச்சை மரமாகவும் இருக்கும். நனைந்தால் ஊறி, உப்பி, கூழாகிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆலையின் தலைவலியே இதுதான்.

வெப்பமானி உருளையின் சூட்டைச் சொல்லும். உள்ளே புரளும் மரத்தின் நிலையைச் சொல்லாது. ஒரு சுமை காய்ந்து வரும், அடுத்த சுமை ஈரமாக வரும். ஆகவே குளிர்விக்கும் குழாயின் வாயிலிருந்து மூக்கண்ணன் வறுபட்ட துண்டுகளை ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பார்ப்பார். புளித்த காடியின் நெடி அடித்தால் இன்னும் வேக வேண்டும். கருகிய சர்க்கரையின் மணம் வந்தால் பதம். தார் நாற்றம் வந்தால் கைமீறிவிட்டது. அவர் தலையசைப்பைப் பார்த்துத்தான் உருளையின் வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அந்த மூக்கு தவறியதாக ஒருவரும் சொன்னதில்லை.

மற்றவர்கள் துண்டைக் கையால் ஒடித்துப் பார்ப்பதுண்டு. பதமானது படக்கென்று ஒடியும். வேகாதது நார் பிடித்து வளையும். இது எவருக்கும் எளிதில் கைவரக்கூடிய சோதனை. மூக்கண்ணனுக்கோ அது இளப்பமாகப்பட்டது.

"சோறு வெந்துச்சான்னு பானைக்குள்ள தலையை விட்டா பாப்பாங்க? வாசம் வந்தாலே தெரியாதா?" என்பார். அதன்பிறகு அவர் எதிரில் யாரும் துண்டை ஒடிப்பதில்லை.

அச்சு இயந்திரத்தை இயக்கிய பெண்மணியை எல்லோரும் அச்சுக்காரம்மா என்பார்கள். அவர் ஒவ்வொரு சுமையிலும் நாலைந்து பெல்லட்டுகளைத் தண்ணீர் நிறைந்த டம்ளரில் போட்டுச் சன்னலோரம் வைத்துப் பார்க்கும் வழக்கம் உடையவர். அதுவும் மூக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நான் என்ன பாலா? தண்ணி விட்டுச் சோதிக்கிற?"

"பாலா இருந்தா காய்ச்சிப் பாத்திருப்பேன் அண்ணே. இது ஒரு மனத்திருப்திக்கு."

"யார் மனத்திருப்திக்கு? என்மேல நம்பிக்கை இல்லேன்னா நேராச் சொல்லிடு."

அச்சுக்காரம்மா டம்ளரைக் கழுவித் தண்ணீர்ப் பானையின்மேல் கவிழ்த்துவிட்டார். அதன்பின் அது குடிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது.

மூக்கண்ணனுக்கு ஒரே மகள். அவளை மணம் முடித்துக் கொடுத்த இடம் ஒரு நீராவிச் சலவை நிலையம். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் திரைச்சீலைகளும் அங்கே வெளுக்கப்பட்டன. சம்பந்தி பருத்த உடம்பும் உரத்த குரலும் கொண்டவர். பாய்லருக்குத் தீனி போடுவதே தம் பிறவிப்பயன் என்பதுபோல் நிலக்கரியைப் பற்றியே பேசுவார். ஒருமுறை விருந்துக்குச் சென்றபோது மூக்கண்ணன் தம் ஆலையின் பெல்லட்டுகளில் ஒரு பிடியை எடுத்துப்போய், சாப்பிட உட்காருமுன் தண்ணீர்ச் செம்பில் போட்டார். கை கழுவியபின் எடுத்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"மழையில கெடந்தா?" என்று கேட்டார் சம்பந்தி.

"கெடக்கட்டும் சம்பந்தி. தாமரை இலையில தண்ணி நிக்கிற மாதிரி நிக்கும், ஒட்டாது." சம்பந்தி எழுந்துபோனதும் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "தார்ப்பாய் கூட வேண்டாம், மாப்பிள்ளை. நான் பாத்து அனுப்புற சரக்கு."

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். ஆனால் கேட்டதை மனத்தில் வாங்கிக்கொள்பவர். நிலக்கரியை நிறுத்திப் பெல்லட்டுகளை வாங்கத் தொடங்கியதும், எரிபொருளுக்குக் கூரை தேவையில்லை என்றால் கரிக்கொட்டகை வீணாகக் கிடப்பானேன் என்று எண்ணினார். அதைக் கழுவி, வெள்ளையடித்து, சன்னல் வைத்து, இரண்டு நீண்ட மேசைகளைப் போட்டுத் தம் மனைவியிடம் ஒப்படைத்தார். இஸ்திரி போடுவதும் மடிப்பதும் அவள் பொறுப்பாயின. வந்த வீட்டில் தன் சொல் செல்லும் இடம் என்று அவளுக்குக் கிடைத்தது அந்த அறைதான். அவளைப் பார்க்கப்போன தாயிடம் முதலில் அதைத்தான் காட்டினாள். "அப்பா வாயால வந்த ரூமும்மா இது," என்று சிரித்தாள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து மூக்கண்ணன் கடும் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் விட்டபின் குளிக்கச் சென்றவர், புதுச் சோப்பைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். கல்லை முகர்ந்ததுபோல் இருந்தது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டார். சளி இறங்கியது. வாசனை திரும்பவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் சென்றார். கரண்டி வந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் முகர்ந்தார்; பழக்க தோஷத்தில் தலையசைத்தார். வெப்பமானியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டது ஒன்றே புதியது. அது நல்ல வெயில்காலம். மரம் ஒரே சீராகக் காய்ந்து வந்ததால் சரக்கு கெடவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று ஒத்திப்போட்டார். தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போயிற்று. முதலில், மூக்கு போயிற்று என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பிறகு, இத்தனை நாள் நடித்தேன் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

மழை தொடங்கியது. தடித்த ஈரத்துண்டுகள் வந்தன. ஒருநாள் முற்பகல் அச்சுக்காரம்மா பொடியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பொடி நார் நாரா வருது. இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

மூக்கண்ணன் கரண்டியை வாங்கினார். ஒரு துண்டு அவர் விரல்களுக்கிடையே இருந்தது. கட்டைவிரலால் சிறிது அழுத்தினால் போதும், உண்மை தெரிந்துவிடும். உருளையருகே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒடித்துப் பார்ப்பவர்களை இத்தனை காலம் வாய் கிழியக் கேலி செய்தவர், அவர்கள் முன்னிலையில் அந்த அழுத்தத்தைக் கொடுக்கத் துணியவில்லை. துண்டைக் கரண்டியிலேயே போட்டு, கண்ணை மூடி, ஆழ முகர்ந்தார்.

"ஆச்சு. போடு. உன் சல்லடை கிழிஞ்சிருக்கும், அதைப் பாரு."

அந்தச் சரக்கின் முதல் வண்டி சம்பந்தி வீட்டுக்குப் போயிற்று.

சலவை நிலையத்தின் பின்முற்றத்தில், வானத்தின்கீழ் அது குவிக்கப்பட்டது. வாரக் கடைசியில் விடாமல் மழை கொட்டியது. திங்கட்கிழமை காலையில் மகள் தொலைபேசியில் தாயை அழைத்து, அப்பாவை உடனே வரச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

மூக்கண்ணன் போய்ச் சேர்ந்தபோது பாய்லர் அணைந்திருந்தது. மருத்துவமனை விரிப்புகள் ஈரத்தோடு தொட்டிகளில் கிடந்தன. முற்றத்தில் குவியல் இருந்த இடத்தில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு சேறு பரவி, சுவரோரச் சாக்கடை வரை வழிந்திருந்தது. அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். அது பெருத்து, மெத்தென்றிருந்தது. இரண்டு விரலால் பிளந்தார். உள்ளே வெளுத்த மரநார். இதற்கு மூக்குத் தேவைப்படவில்லை.

சம்பந்தி அதைப் பிளந்து பார்க்கவில்லை. மழையில் போட்ட பொருள் நனைந்தது, அவ்வளவுதான் அவருக்கு. அவருடைய கோபமெல்லாம் மகன்மீதே பாய்ந்தது.

"மூடுடா மூடுடான்னு எத்தனை தடவை சொன்னேன்? கொட்டகையையும் காலி பண்ணிட்டு, குவியலையும் தெறந்து போட்டுட்டு நிக்கிறான் பாருங்க, சம்பந்தி. பொண்டாட்டிக்கு மேசை போடத் தெரிஞ்சவனுக்கு ஒரு தார்ப்பாய் போடத் தெரியல."

மாப்பிள்ளை மாமனாரின் பக்கம் ஒருகணம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புதாம்பா. நான்தான் மூடாம விட்டுட்டேன்," என்றார்.

மூக்கண்ணனுக்கு அப்போது பேச வாய்ப்பிருந்தது. எல்லோரும் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவரும் வாயைத் திறந்தார்.

"ஒரு தார்ப்பாய் போட்டிருக்கலாம், மாப்பிள்ளை."

தம் குரல்தானா அது என்று அவருக்கே ஐயமாக இருந்தது. மாப்பிள்ளை தலையாட்டினார். அறை வாயிலில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்த மகள், தந்தையை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். முன்பின் தெரியாத ஒருவரை வழியில் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மின்செருகியைப் பிடுங்கினாள்.

அன்று பிற்பகலே மேசைகள் வெளியேறின. வெள்ளையடித்த அறைக்குள் நிலக்கரி மூட்டைகள் ஏறின. மேசைகளை மாடிப்படியின்கீழ்ப் பக்கவாட்டில் சாய்த்துவைத்தார்கள். மகள் மறுபடியும் மற்றவர்கள் சொன்ன வேலையைச் செய்யும் நிலைக்குத் திரும்பினாள்.

இதன்பின் மூக்கண்ணன் சலவை நிலையம் இருந்த தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் ஆலைக்குப் போய்வரலானார். வழியில் எவரேனும் "சம்பந்தி சௌக்கியமா?" என்று கேட்டால் செருப்பு வாரைச் சரிசெய்வார். ஆலையில் முகர்வதை மட்டும் விடவில்லை. மழைச் சரக்கின் மீதி மூட்டைகள் அங்கேயே கிடந்தன. புதிய சுமைகளை மேலும் மேலும் நேரம் வறுக்கச் சொல்லி, பதம் தப்பவிட்டுத் தூளாக்கினார். காரணம் கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தார். வீட்டில் தொலைபேசி ஒலித்தால் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

அந்தச் செய்தித்தாள்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மாலை, அடுப்பில் பால் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி மனைவி பக்கத்து வீட்டுக்குச் சென்றிருந்தார். திரும்பி வாசலில் கால் வைக்கும்போதே தீய்ந்த நாற்றம் அவர் மூக்கைத் துளைத்தது. உள்ளே பாத்திரம் கருகி, புகை சுழல, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி மூக்கண்ணன் நிதானமாக விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

மனைவி அடுப்பை அணைத்தார். சன்னலைத் திறந்தார். கணவர் எதிரே வந்து நின்றார்.

"தெருமுனை வரைக்கும் நாறுது. உங்களுக்குத் தெரியல?"

"கவனிக்கல."

"கவனிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊரே மூக்கண்ணன்னு கூப்பிடுது." பிறகு குரல் தாழ்ந்தது. "எப்பத்திலிருந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சமைச்சதைக் குறை சொன்ன மனுஷன், திடீர்னு எல்லாம் நல்லா இருக்குன்னு சாப்பிட்டப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். வயசாகிப் புத்தி வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டேன், பாருங்க."

மூக்கண்ணன் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

"அப்ப அந்தச் சரக்கு?" என்றார் மனைவி.

"வேகாத சரக்கு."

"மூட வேண்டாம்னு சொன்னதும் நீங்க. தார்ப்பாய் போட்டிருக்கலாம்னு அந்தப் பிள்ளையைச் சொன்னதும் நீங்க." மனைவி எழுந்து கருகிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார். "பொண்ணு என்கிட்டச் சொன்னா. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். 'அப்பா பேரை நான் இங்க எடுக்கிறதே இல்லம்மா, மாமனார் எடுத்தா, கேட்டுக்கிட்டு இருந்துடறேன்'ன்னா. மாப்பிள்ளை இன்னும் அவங்கப்பாகிட்டத் திட்டு வாங்கிட்டுத்தான் இருக்காராம். ஒரு வார்த்தை உங்களைப் பத்திச் சொல்லலையாம்."

மாப்பிள்ளை தம்மைத் திட்டியிருந்தால்கூட அவருக்கு அத்தனை கூச்சம் ஏற்பட்டிருக்காது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவர் தம் மானத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார். அவர் தோளில் அதை ஏற்றிவிட்டது தாம் என்பதை எண்ணுகையில், உட்கார்ந்திருந்த நாற்காலியே அவருக்குப் பாரமாகிவிட்டது.

மறுநாள் ஆலையில் கரண்டி வந்தபோது அவர் முகரவில்லை. ஒரு துண்டை எடுத்து, எல்லோரும் காணும்படி இரு கையாலும் ஒடித்தார். அது வளைந்தது.

"வேகல. மெதுவாச் சுத்த விடுங்க," என்றார். பிறகு, "எனக்கு வாசனை தெரியறதில்ல. காய்ச்சலுக்கு அப்புறம் தெரியல. சும்மாத்தான் மோந்துக்கிட்டு இருந்தேன்."

உலர்த்தியருகே நின்ற ஒருவர், "அப்ப பேரை மாத்தணுமேண்ணே," என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். அச்சுக்காரம்மா சிரிக்கவில்லை.

"நல்லா இருந்த சல்லடையைக் கழட்டி, தச்சு, மறுபடி மாட்டினேன் அண்ணே. கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு கண்ணாடிக்காரர்கிட்டப் போனேன்."

அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் அச்சுக்காரம்மா தண்ணீர்ப் பானையருகே போய் டம்ளரை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். சன்னலோரம் அதை வைத்த ஓசை சற்று அழுத்தமாகவே கேட்டது. ஆலை முதலாளி விஷயமறிந்தும் மூக்கண்ணனை உருளையிலிருந்து மாற்றவில்லை. ஆனால் டம்ளர்ச் சோதனையில் தேறாமல் ஒரு மூட்டையும் வெளியேறக் கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மூக்கண்ணன் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். மீதமிருந்த மழைச் சரக்கை உடைத்து மறுபடியும் வறுத்தார்கள்.

அந்த வார இறுதியில் இரண்டு பொட்டலங்களோடு அவர் சம்பந்தி வீட்டுக்குச் சென்றார். வரவேற்பு வழக்கம்போலவே இருந்தது. அதுவே அவரை நெளியவைத்தது. தண்ணீர் நிரப்பிய இரண்டு டம்ளர்கள் கேட்டார்.

"ரெண்டு டம்ளரா? அவ்வளவு தாகமா சம்பந்தி?"

அவர் ஒன்றில் மழைச் சரக்கின் பெல்லட்டுகளையும் மற்றொன்றில் புதியவற்றையும் போட்டார். மாப்பிள்ளை சுவரோரம் நின்றார். மகள் கதவருகே நின்றாள். வீட்டார் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு டம்ளரில் தண்ணீர் கலங்கி, பழுப்புக் கூழ் விளிம்புவரை உப்பிவந்தது. மற்றதில் கறுப்புக் குச்சிகள் போட்டபடியே கிடந்தன.

"வேகாத சரக்கை அனுப்பிச்சது நான். மூக்கு போனதை மறைச்சுட்டேன். மூட வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொன்னதும் நான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் தார்ப்பாய் கதை பேசுனதும் நான்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

சம்பந்தி டம்ளரைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எப்போதும் உரத்துப் பேசுபவர், அன்று மெதுவாகவே பேசினார்.

"மூக்கு போறது யார் கையிலயும் இல்ல, சம்பந்தி. நாக்கு இருந்துச்சே."

மூக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

சம்பந்தி மகன் பக்கம் திரும்பினார். "நீயாவது வாயைத் தெறந்திருக்கலாம்ல?"

"மாமா நின்னுட்டிருந்தாரேப்பா," என்றார் மாப்பிள்ளை.

"நல்லா நின்னாரு," என்றார் சம்பந்தி. பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "புதுச் சரக்குல ஒரு மூட்டை அனுப்பிவைங்க. முற்றத்துல கெடக்கட்டும். ஒரு மழை பாத்துட்டு, அப்புறம் மேசையைப் பத்திப் பேசலாம்."

மகள் அன்றும் தந்தையிடம் ஒரு சொல் பேசவில்லை.

நல்ல மழையொன்று பெய்து ஓய்ந்த மாலையில், ஆலையிலிருந்து நேரே, சுற்றுவழியை விட்டு, அந்தத் தெரு வழியாகவே வந்தார் மூக்கண்ணன். பின்முற்றத்து வாயிலைத் தாண்ட மனமின்றி அங்கேயே நின்றார். மகள் ஏற்கெனவே குவியலருகே இருந்தாள். அவரைப் பார்த்தும் பாராதவளாய், குவியலின் அடியில் கைவிட்டு, நீர் தேங்கிய இடத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். நகத்தால் கீறினாள். பிறகு இரு கையாலும் ஒடித்தாள். படக்கென்ற ஓசை வாயில்வரை கேட்டது. உட்புறத்தைப் பார்த்தாள், நடுவரை கறுப்பு.

"என்னங்க," என்று உள்நோக்கிக் கணவரை அழைத்தாள். "அப்பாவைக் கூட்டிட்டு வந்து மேசையைப் பாக்கச் சொல்லுங்க. ஒரு கால் ஆடுது."

அப்பாவை என்றது தன் மாமனாரையே. அது மூக்கண்ணனுக்குத் தெரியும். இருந்தும் ஒருகணம் ஓரடி எடுத்துவைத்துவிட்டு, பின்வாங்கி நின்றார். அதை மகள் பார்த்துவிட்டாள். ஒடித்த துண்டுகளைக் குவியலில் போட்டுவிட்டு, அவரருகே வந்தாள். வந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"சட்டையைக் கழட்டிக் குடுங்க. புகை நாத்தம் கொடலைப் புடுங்குது. எத்தனை நாளா இதையே போட்டுக்கிட்டு அலையறீங்க?"

"எனக்குத் தெரியலம்மா," என்றார் அவர்.

மகள் கையை நீட்டியபடி நின்றாள்.

சிறிது நேரத்தில் மூக்கண்ணன் சலவை நிலையத்தின் முன்கூடத்தில், வருவோர் போவோர் எல்லாம் பார்க்க, சம்பந்தியின் சட்டையை அணிந்து அமர்ந்திருந்தார். அதில் அவரைப்போல் இருவர் புகலாம். கை நுனிகள் தொங்கின. கழுத்துப் பட்டை ஒரு தோளில் சரிந்தது. வாடிக்கையாளர்கள் உற்றுப் பார்க்கும்போதெல்லாம் அவர் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பின்கட்டில் மேசைகளை இழுக்கும் ஓசை கேட்டது. எழுந்துபோய் ஒரு முனையைப் பிடிக்கலாமா என்று அவர் எண்ணினார். யாரும் கூப்பிடவில்லை. ஆகவே, தம் சட்டை உலரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.